மரகதத்தின் நுங்குக் கத்தி

மரகதம் முதன்முதலில் எங்கள் பட்டறைக்கு வந்தபோது அவளுக்கு முன்னால் அவள் நிழல்தான் உள்ளே வந்தது. பங்குனி மாதத்துக் காலை. வெயில் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கீற்றுப் பந்தலுக்கு வெளியிலேயே அவள் நின்றுவிட, நிழல் மட்டும் நீண்டு வந்து என் பட்டடையின் காலடியில் படுத்துக்கொண்டது. நான் சுத்தியலை ஓங்கினால் அந்த நிழலின் தலைமேல் விழும்போல இருந்தது. கையை இறக்கிவிட்டேன்.

"நுங்கு சீவுற கத்தி ஒண்ணு வோணும் அண்ணாத்தே. லேசா இருக்கணும்."

"உள்ள வாம்மா. வெயில்ல நின்னுகினு கேட்டா கத்தி வராது. எங்க விக்கப் போற?"

"ஸ்டேஷனாண்ட, பூவரச மரத்துக்கு அடியில."

"இதுக்கு முன்ன வித்துகீறியா?"

"இல்ல. இதான் மொத தபா." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "இது ஓடலைன்னா வெள்ளானூர்ல அண்ணன் ஊட்டோட போயி குந்திக்கணும். அதுக்குத்தான் நல்ல கத்தியா வோணும்னு வந்தேன்."

கத்தி கேட்டு வருகிறவர்கள் என்ன வெட்டப்போகிறோம் என்று சொல்வார்கள். எதை வெட்டிவிட்டுத் தப்பிக்கப்போகிறோம் என்று சொன்ன முதல் ஆள் அவள்தான்.

களிமண் உருண்டை ஒன்றை எடுத்து நீட்டினேன். "எந்தக் கையால வெட்டுவே? அந்தக் கையால இத நல்லா இறுக்கிப் புடி."

அவளுடைய வலது கை முந்தானைக்குள் எதையோ பொத்திவைத்திருப்பதுபோல மறைந்திருந்தது. இடது கையை நீட்டினாள்.

"இட்து கைதான் அண்ணாத்தே. பொறந்ததுல இருந்தே. சோறு துன்றப்ப மட்டும் எங்கம்மா அடிச்சி அடிச்சி வலது கையாக்கினா."

நான் சிரித்தேன். நம்பினேன். மண்ணை வாங்கிக்கொண்டேன்.

களிமண் எதற்கு

இந்தக் களிமண் விஷயத்தை முதலில் உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். கரையான்சாவடியில் லாரிப் பட்டறையில் இரும்படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே எனக்கு ஒரு குறை இருந்தது. கடையில் விற்கிற கத்திகளுக்கெல்லாம் ஒரே பிடி. மனிதர்களுக்கோ ஆளுக்கொரு கை. செருப்புக்கு மட்டும் கால் அளவு பார்க்கிறோமே, கத்திக்கு ஏன் கையைப் பார்ப்பதில்லை?

திருமுல்லைவாயிலில் ரயில் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் நானும் என் மனைவி சரோஜாவும் சொந்தமாகக் கொட்டகை போட்டோம். உலைக்குக் காற்றுப் போடும் சக்கரத்தை அவள் சுற்றுவாள், நான் அடிப்பேன். ஏரியிலிருந்து ஒரு கூடை களிமண் அள்ளிவந்து ஈரச் சாக்கில் மூடிவைத்தோம். வருகிறவர்கள் அதில் ஓர் உருண்டையை இறுக்கிப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நான் அதைக் காயவைத்து, அந்தப் பள்ளம் மேடு பார்த்து மரப்பிடி செதுக்குவேன்.

சுவர் நெடுகப் பலகை அடித்து அந்த மண் பிடிகளை வரிசையாக வைத்திருந்தோம். மத்தியான வேளையில் ஓலை இடுக்கு வழியாக வெயில் காசு காசாக அவற்றின்மேல் விழும். வெயில் நகர நகர ஒவ்வொரு கையாக விழித்துக்கொண்டு மறுபடி தூங்குவதுபோல இருக்கும். யாருமில்லாத அந்த நேரத்தில் ஊரே வந்து என் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதாக எனக்குத் தோன்றும்.

கையைவிட எனக்குப் பிடித்தது, மண்ணைப் பிடிக்கும்போது அவர்கள் பேசுகிற பேச்சு. ஆவடி கறிக்கடை காதர் பாய், கட்டைவிரலை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து அழுத்துவார். "இவுருதான் மொதலாளி நைனா. மத்த நாலு பேரும் கூலிக்காரங்க. மொதலாளிக்கு நல்லா எடம் உடு" என்பார்.

பூந்தமல்லியில் வாழை இலை விற்கும் ஓர் அம்மாள் வருஷத்துக்கு நாலு முறை சாணை பிடிக்க வருவாள். "ஒன் கத்தி எங்க ஊட்டுக்காரரு மாதிரி. தீட்டிவுட்டா ஒரு வாரம் ஒயுங்கா கீது. அப்பால திரும்பவும் தீட்டணும்." பக்கத்தில் நிற்கிற அவள் கணவர் இலைக்கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு, இது யாரைப் பற்றிய பேச்சோ என்பதுபோல ரயில் வருகிறதா என்று பார்ப்பார்.

சவரக்கடைக்காரர் ஒருவர் கேட்டதை நான் மறக்கவே இல்லை. "சத்தம் போடாத கத்தியா குடு. கத்தி சத்தம் போட்டா கஸ்டமரு கண்ணத் தொறப்பாரு. தொறந்தா கண்ணாடியப் பாப்பாரு. பாத்தா கொற சொல்லுவாரு."

நெருப்புப் பொறியின் பூக்கள்

இரும்பு விஷயத்துக்கு வருகிறேன். இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கினால் எல்லாம் இரும்புதான். சாணைச் சக்கரத்தில் வைத்தால்தான் ஒவ்வொன்றும் தன் குணத்தைச் சொல்லும்.

மாட்டுவண்டிச் சக்கரத்துப் பட்டையைத் தேய்த்தால் பொறி நீளமாக, வைக்கோல் மாதிரி போய் அணைந்துவிடும். மென்மையான இரும்பு, கத்திக்கு ஆகாது. லாரிக்கு அடியில் அதிர்ச்சி தாங்குகிற வில்லுப் பட்டையின் பொறி போகிற வழியில் கிளை பிரியும். தேங்காய் வெட்ட, எலும்பு தட்ட அது நல்லது. எவ்வளவு அடித்தாலும் பொறுத்துக்கொள்ளும். தேய்ந்துபோன அரத்தின் பொறி இருக்கிறதே, அது கிளம்பிய இடத்திலேயே குண்டுமல்லி மாதிரி வெடித்து மலரும். கூர் என்றால் அப்படி ஒரு கூர் நிற்கும். ஆனால் கீழே போட்டால் கண்ணாடிபோல உடையும். சவரக்கடைக்காரருக்கு அரத்தில்தான் செய்தேன்.

கொட்டகையின் இருட்டு மூலையில் நான் சாணையைச் சுற்றும்போது சரோஜா உலைச் சக்கரத்தை விட்டுவிட்டு வந்து பார்ப்பாள். "எத்தினி தீவாளிய இப்புடி வீணாக்குற நீ" என்பாள். சொல்லிவிட்டுக் கடைசிப் பொறி அணைகிறவரை நிற்பாள்.

மரகதத்துக்குக் கார் ஒன்றின் வில்லுப் பட்டையை எடுத்து அடித்தேன். லாரிப் பட்டையைவிட மெலிது. நுனியில் லேசாக வளைவு. பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்ச்சல் போட்டு எடுத்தபோது பதம் நன்றாக வந்திருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நுங்கு சீவுகிற கத்திக்கு ஒரு பக்கம்தான் சாணை பிடிப்போம். ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், மறுபக்கம் மட்டும் சரிவு. தட்டைப் பக்கம் காயோடு ஒட்டிக்கொண்டு போகும். சரிவுப் பக்கம் சீவலை வெளியே தள்ளும். வலது கைக்காரருக்கு வலது பக்கம் சரிவு. இடது கைக்காரருக்கு இடது பக்கம். மாற்றிப் பிடித்தால் கத்தி எதிரி.

மரகதத்துக்கு இடது பக்கம் சாணை பிடித்தேன்.

கீழே வைத்த கத்தி

கத்தியை நான் யார் கையிலும் கொடுக்க மாட்டேன். கையில் கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்று எங்கள் பக்கத்தில் ஓர் எண்ணம். வாழை இலைத் துண்டு போட்டுத் தரையில் வைப்பேன். வாங்குகிறவர்கள் தாங்களே குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

மரகதம் குனிந்து, இடது கையால் எடுத்தாள். மண் காட்டிய பிடி அவள் உள்ளங்கையில் அப்படியே போய் உட்கார்ந்தது. "எனக்குன்னே பொறந்தாப்புல கீது" என்றாள். வேகமாகப் போய்விட்டாள். அவள் போன பிறகும் நல்ல வேலை செய்தோம் என்ற சந்தோஷம் எனக்குள் வெகுநேரம் இளஞ்சூடாக இருந்தது.

சித்திரை பிறந்து சில நாள் இருக்கும். அவள் திரும்பி வந்தாள். இந்த முறை பந்தலுக்கு வெளியே நிற்கவில்லை. நேராக உள்ளே வந்து கூடையைக் கீழே வைத்தாள்.

கூடை நிறைய நாசமான நுங்கு. கண் பிளந்து தண்ணீரெல்லாம் ஓடிப்போய், வெறும் தோலாகச் சுருங்கிக் கிடந்தன. நல்ல நுங்கின் கண்ணை விரலால் அழுத்தினால் குழந்தையின் கன்னம் மாதிரி இருக்கும். உள்ளே ஒரு வாய்க்கு இனிப்புத் தண்ணீர் நிற்கும். அது உடையாமல் திறப்பதுதான் வித்தை. இவை எல்லாம் அழுது முடித்த கண்கள்.

அவளுடைய புடவையில் முழங்காலருகே ஒரு கிழிசல். நல்லவேளை, துணியோடு போயிருந்தது.

"ஒன் கத்திக்கு எம்மேல இன்னா கோவம் அண்ணாத்தே? மேலாக்க போட்டா வயுக்கிகினு ஓடுது. அயுத்தினா கண்ணப் பொளந்துடுது. வந்தவங்கள்லாம் பாத்துட்டு, எதுத்தாப்புல தர்பூசணிக்காரன்கிட்ட பூடறாங்க."

நான் கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கூர் அப்படியே இருந்தது. வளைவும் சரி. நான் வலது கைக்காரன், எனக்கு அதைச் சோதிக்கத் தெரியவில்லை. அவள் கூடையின் அடியில் வெட்டாத காய் ஒன்று இருந்தது. இலைத் துண்டைப் போட்டுக் கத்தியைக் கீழே வைத்தேன்.

"எடுத்து வெட்டிக் காட்டு."

அவள் குனிந்தாள். இடது கையால் எடுத்தாள். காயின்மேல் வைத்தாள். எப்போதும் எனக்கு முன்னால் பார்த்துவிடுகிற சரோஜா, சக்கரத்தைச் சுற்றுவதை நிறுத்திவிட்டாள்.

"கொஞ்சம் இரு. கத்திய எடுக்க மொதல்ல கௌம்பினது வலது தோளு. அப்பால இட்து கை வந்து எடுத்துச்சி." எழுந்து கிட்டே வந்தாள். "ஏன்டி மரகதம், அந்தக் கைய எத்தினி நாளைக்கு முந்தானைக்குள்ள வச்சி வளக்கப் போற?"

அந்தச் சமயம் ஆவடிப் பக்கமிருந்து ரயில் வந்தது. கொட்டகை அதிர்ந்தது. மேலே தொங்கிய கத்திகள் ஒன்றோடொன்று உரசி மெல்லக் கிணுகிணுத்தன.

மரகதம் முதலில் சிரித்தாள். பிறகுதான் கண் கலங்கியது. முந்தானையை விலக்கிக் கையை வெளியே எடுத்து, பட்டடையின்மேல் வைத்தாள். கட்டைவிரலும் அதற்கடுத்த இரண்டு விரல்களும் இருந்தன. மோதிர விரலும் சுண்டு விரலும் இல்லை.

இருக்கிற விரலுக்கு

அம்பத்தூர்ப் பக்கம் டப்பா மூடி அடிக்கிற ஒரு சின்னப் பட்டறையில் வேலை பார்த்திருக்கிறாள். ஒருநாள் எந்திரத்தின் அச்சு சொல்லாமல் கைமேல் இறங்கிவிட்டது. கணவன் ஏற்கெனவே காலமாகியிருந்தான். குடிசை மட்டும்தான் மிச்சம்.

"நீ மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னேனே, வேற ஒரு பட்டறையில. கையப் பாத்தான். 'கத்திலாம் ஒனக்கு ஆவாதும்மா, போயி பூ கட்டு'ன்னான். பூ கட்டறதுக்கு எத்தினி வெரலு வோணும்னு அவனுக்கு யாருனா சொல்லுங்க."

சரோஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மரகதமும் சிரித்தாள்.

"அதான் ஒங்கிட்ட இட்து கைன்னு சொன்னேன். பயகிடலாம்னுதான் பாத்தேன் அண்ணாத்தே. ஆனா இந்தக் கையால காயப் புடிச்சா நிக்க மாட்டேங்குது, உருண்டுகினு ரோட்டுக்குப் பூடுது. அப்பால வேற வயி இல்லாம காய இட்து கையில புடிச்சி, கத்திய இதுல வாங்கினேன்."

அதுதான் விஷயம். இடது கைக்குச் சாணை பிடித்த கத்தியை வலது கையால் போட்டிருக்கிறாள். கத்தி அதற்குச் சொல்லிக்கொடுத்தபடிதான் நடந்திருக்கிறது.

"அண்ணனுக்கு யாரோ சொல்லிட்டாங்க, காயெல்லாம் வீணாவுதுன்னு. ஞாயித்துக்கெயம வந்து கூட்டிகினு போறேன்னு சொல்லி அனுப்பிச்சாரு. நல்லவருதான் அக்கா, கொற சொல்லல. அங்க போனா குந்த ஒரு எடம் குடுப்பாங்க, துன்ன ஒரு தட்டு குடுப்பாங்க. ஒரு வேல மட்டும் குடுக்க மாட்டாங்க."

சரோஜா ஈரச் சாக்கை விலக்கி ஓர் உருண்டை மண் எடுத்தாள். தண்ணீர் தொட்டுப் பிசைந்தாள். அதை என்னிடம் கொடுக்காமல் நேராக மரகதத்தின் வலது கையில் வைத்தாள்.

மரகதம் இறுக்கினாள். மூன்று விரல் பதிந்தது. விரல் இல்லாத பக்கம் மண் பிதுங்கி வெளியே வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் இறுக்கினாள். மண்ணிலிருந்து நீர் கசிந்து மணிக்கட்டு வழியாக இறங்கியது.

அந்தப் பிதுங்கலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "இந்தப் பக்கம் மரத்தைக் கொஞ்சம் தடியா உட்டு, குமிழாட்டம் வச்சி அடச்சிடறேன். வெரலு இல்லாத கொற தெரியாது" என்றேன்.

"இல்லாத வெரலுக்கு எதுக்கு அண்ணாத்தே மரம்? இருக்கறதுக்குப் போடு."

எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். என் தொழிலுக்கே வழி சொன்னது அந்த ஒரு பேச்சுதான்.

மூன்று விரலுக்கு வில்லுப் பட்டை கனம். ஓங்கும்போதே மணிக்கட்டு சாயும். அரம் என்றால் தட்டின மாத்திரத்தில் உடையும். மெலிசாகவும் இருக்க வேண்டும், உடையவும் கூடாது. யோசித்து யோசித்துக் கடைசியில் மரவாடிக்குப் போனேன். பெரிய மரங்களை அறுக்கிற ரம்பம், நாடா மாதிரி வளைந்து வளைந்து ஓடுமே, அதில் அறுந்துபோன துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தேன். சாணையில் வைத்தேன். பொறி கிளை பிரிந்து, கிளை நுனியில் சின்னச் சின்னதாக மொட்டு விட்டது.

"இது கொஞ்சம் கொஞ்சமாத்தான் தீவாளி கொண்டாடுது" என்றாள் சரோஜா.

மெலிந்த தகடு, தோய்ச்சலில் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. மறுபடி சூடு காட்டி நிமிர்த்தினேன். தகட்டில் நீலம் ஓடி வரும்வரை சூட்டில் வைத்துப் பதம் பார்த்தேன். பூவரச மரத்தில் பிடி செதுக்கினேன். ஆள்காட்டி விரலுக்கு ஒரு பள்ளம். பின்முனையைக் கிளிமூக்குபோலக் கீழே வளைத்து, உள்ளங்கையின் அடிமேட்டில் மாட்டிக்கொள்ளும்படி விட்டேன். அவள் பிடியை விட்டாலும் கத்தி அவளை விடாது. வலது பக்கம் சாணை பிடித்தேன்.

இலைத் துண்டில் வைத்தேன். இந்த முறை வலது கை தயங்கவில்லை.

வெள்ளானூர் சைக்கிள்

ஞாயிற்றுக்கிழமை சரோஜாவும் நானும் ஸ்டேஷன் பக்கம் போனோம். எனக்குத் தனியாகப் போகத் தைரியமில்லை.

சித்திரை வெயில் ரோட்டுத் தாரை இளக்கிக்கொண்டிருந்தது. பூவரச மரத்தடியில் மட்டும் ஒரு பச்சை வெளிச்சம். ஏதோ குளத்துக்கு அடியில் உட்கார்ந்திருப்பவள்போல மரகதம் அதற்குள் உட்கார்ந்திருந்தாள். ரயிலிலிருந்து இறங்கியவர்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். காயின் தலை இரண்டு சீவலில் போகும். மூன்றாவது சீவல் இலை கனம்தான் இருக்கும். மூன்று கண்ணும் ஒரு சொட்டுச் சிந்தாமல் திறந்து, வானத்தைப் பார்க்கும்.

முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகியிருந்தாள். கை வெட்டவெளியில் இருந்தது.

முன்னால் நின்ற ஒருவர் நுங்கை வாங்காமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மரகதம் நிமிர்ந்தாள். "இன்னா பாக்குற? நுங்க பாரு." கூட்டம் சிரித்தது. அவர் வெட்கப்பட்டு இன்னும் கொஞ்சம் அதிகமாக வாங்கிக்கொண்டார்.

அண்ணன் ஏற்கெனவே வந்திருந்தார். மரத்தின் மறுபக்கம் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் குந்தியிருந்தார். வெயிலில் கறுத்து மெலிந்த மனிதர். சைக்கிள் கேரியரில் ஒரு காலிச் சாக்கும் கயிறும் இருந்தன. தங்கையின் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு போகத்தான் என்று பார்த்ததுமே புரிந்தது.

"கூட்டம் கொறையட்டும், பேசிக்கலாம்" என்று சரோஜாவிடம் சொன்னார். அவருக்கும் எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை.

அடுத்த ரயில் வந்தது. கூட்டம் குறையவில்லை. அதற்கடுத்ததும் வந்தது. அவர் எழுந்து நிற்பார், பிறகு உட்காருவார்.

"ண்ணா" என்றாள் மரகதம், கையை நிறுத்தாமல். "சும்மாதான குந்திகினு கீற? அந்த ஓலைய மடிச்சி மடிச்சிக் குடு. வாங்கறவங்க கையில வழியுது."

அவர் ஒரு நிமிடம் அவளுடைய கையைப் பார்த்தார். அந்த விபத்துக்குப் பிறகு அதை அவ்வளவு கிட்டத்தில் அவர் பார்த்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். அது வேலை செய்வதையும் பார்த்திருக்கவில்லை. பிறகு மெதுவாக ஓலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு மடிக்க ஆரம்பித்தார். பனைமரங்களுக்கு நடுவே வளர்ந்தவர். விரல்கள் தாமாகவே ஓடின. ஓலைக் கிண்ணம் ஒன்றை அவர் நீட்ட, அவள் அதில் நுங்கை இட, வாங்கியவர் நடந்துகொண்டே உறிஞ்ச, அந்த மதியம் ஒரே தாளத்தில் நழுவிக்கொண்டே போனது.

மரத்தின் நிழல் தண்டவாளத்தைத் தொட்டபோது காய் தீர்ந்துவிட்டது. மரகதம் கத்தியைத் துடைத்துக் கூடையில் வைத்தாள். கை அசந்துபோய் மடியில் கிடந்தது. அண்ணன் எழுந்து சைக்கிளை நிமிர்த்தினார். கயிற்றைக் கையில் எடுத்தார். சரோஜா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் கயிற்றைச் சுருட்டி மறுபடி கேரியரில் செருகினார். சாக்கை உதறி மடித்தார். பெடலில் ஒரு காலை வைத்துக்கொண்டு, தங்கையைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக் கேட்டார்.

"நாளைக்கு எத்தினி கொல நுங்கு வெட்டிகினு வரட்டும்?"

மரகதம் சீவல்களைக் கூட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"ஒன் சைக்கிளு தாங்குறவரைக்கும்" என்றாள்.